காசு செலவில்லாமல் நட்சத்திரம் பார்க்கலாம், வாங்க!

இரவுச் சாப்பாடு முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்துக்கு ஒரு நல்ல வேலை சொல்கிறேன். பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள். வானத்தில் நாலு நட்சத்திரத்தைப் பேர் சொல்லி அடையாளம் காணப் பழகுங்கள். தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் பெரிய செலவே கிடையாது. தினசரி காலண்டரும் கைவிரலும் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸும் போதும். எங்கள் வீட்டில் பயன்பட்டவற்றை மட்டும் இங்கே தருகிறேன்.

1. தெருவிளக்கு நேராகக் கண்ணில் அடித்தால் பாதி நட்சத்திரம் தெரியாது. மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதன் நிழல் விழும் பக்கம் பாயைப் போடுங்கள். தொட்டி இல்லாதவர்கள் துணி காயப்போடும் கொடியில் ஒரு பழைய போர்வையைத் தொங்கவிட்டாலே விளக்கு மறைந்துவிடும்.

2. கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். நடுவில் செல்போனை ஒரு தரம் பார்த்தாலும் பழகினது போய், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். ராத்திரி கரண்ட் போனால் புலம்பாமல் மாடிக்கு ஏறிவிடுங்கள். ஊரே இருட்டாக இருக்கும் அந்த நேரம் லேசில் கிடைக்காது.

3. டார்ச் தேவைப்பட்டால் அதன் முகப்பில் சிவப்புக் கண்ணாடித் தாளை இரண்டு மூன்று மடிப்பாகப் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுங்கள். மங்கலான சிவப்பு வெளிச்சம் இருட்டுக்குப் பழகின கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. தாள் கிடைக்காவிட்டால் சிவப்பு பலூனை வெட்டி மாட்டினாலும் சரி.

4. அமாவாசையை ஒட்டிய வாரம்தான் தோதான வாரம். ஆனால் பௌர்ணமி வந்துவிட்டதே என்று இரண்டு வாரம் சும்மா இருக்க வேண்டாம். நிலா தினமும் சராசரியாக ஐம்பது நிமிடம் தாமதமாக உதிக்கிறது. பௌர்ணமி கழிந்து நாலைந்து நாளிலேயே இரவு ஒன்பது மணி வரை நல்ல இருட்டு கிடைத்துவிடும்.

5. தை, மாசி ராத்திரிகள் நம் பக்கத்துக்கு அருமையானவை. பங்குனிக்கு மேல் புழுதி கிளம்பி அடிவானம் மங்கிவிடும். ஒரு கோடை மழை கொட்டி ஓய்ந்த ராத்திரியை மட்டும் தவறவிடாதீர்கள், புழுதி அடங்கி வானம் அடி வரைக்கும் தெரியும்.

6. இருட்டு நிறைய வேண்டும் என்று காட்டோரமாகப் போகாதீர்கள். பாலக்கோடு, மாரண்டஅள்ளி, பென்னாகரம் பக்கங்களில் யானை நடமாட்டம் உண்டு என்பது உங்களுக்கே தெரியும். வீட்டு மாடியே போதும். களத்துமேட்டில் படுப்பவர்கள் பூச்சி பொட்டுக்கு டார்ச்சைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. இனி பிரகாசத்துக்கு வருவோம். நட்சத்திரத்தின் பிரகாச எண்ணைப் பள்ளிக்கூட ரேங்க் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்: எண் சிறியதானால் பிரகாசம் அதிகம். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கிரேக்கர் ஹிப்பார்க்கஸ் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் முறை இது. பளிச்சென்று தெரிபவை முதல் தரம். நல்ல இருட்டில் உற்றுத் தேடினால் மட்டும் தட்டுப்படுபவை ஆறாம் தரம்.

8. அந்தத் தரங்களுக்குச் சரியான கணக்குப் போட்டவர் சென்னையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். நார்மன் போக்சன் என்ற ஆங்கிலேயர், முதல் தரம் ஆறாம் தரத்தைவிட நூறு மடங்கு பிரகாசம் என்று 1856-ல் வரையறுத்தார். பிறகு 1861-ல் சென்னை வானாய்வகத்தின் பொறுப்புக்கு வந்து, 1891-ல் இறக்கும் வரை இங்கேயே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூரியனைச் சுற்றும் சிறுகோள்கள் சிலவற்றையும் சென்னையிலிருந்தே கண்டுபிடித்தார். 1861-ல் கண்டதற்கு ஆசியா என்று பேர் வைத்தார். பிரகாசத்துக்கு உலகம் முழுக்க இன்றும் அவர் கணக்குதான்.

9. அந்தக் கணக்கை மனதில் வைக்க ஒரு சுருக்கு வழி: ஒரு படிக்கு இரண்டரை மடங்கு, இரண்டு படிக்கு ஆறு மடங்குக்குச் சற்று மேல், மூன்று படிக்குப் பதினாறு, ஐந்து படிக்கு நூறு. பொழுது போகாத பேருந்துப் பயணத்தில் பிள்ளைகளிடம் கேட்டு விளையாட நல்ல கணக்கு.

10. போக்சனிடம் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பிரகாசம் கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தை 1867-ல் சென்னையிலிருந்து அவர் கண்டறிந்தார். ஆர் ரெட்டிகுலி என்பது அதன் பெயர், தென்வானத்தில் தாழ்வாக இருப்பது. 1874-ல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது சாதாரண மக்களுக்குப் புரிய வேண்டும் என்று சிறுநூலும் எழுதினார். பாடப்புத்தகத்தில் இடம் கொடுக்க வேண்டிய மனிதர் என்பேன்.

11. முதல் தரத்துக்கும் மேலே பூச்சியம் உண்டு, அதற்கும் மேலே கழித்தல் எண்கள் உண்டு. இரவு வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் கழித்தல் 1.5. வெள்ளிக் கோள் கழித்தல் 4-க்கும் மேலே போகும். முழுநிலா ஏறக்குறைய கழித்தல் 12.7, சூரியன் கழித்தல் 26.7.

12. ஒரு அட்டையில் இந்தப் படிக்கட்டை எழுதிப் பூஜை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். அகத்தியர் கழித்தல் 0.7, சுவாதி பூச்சியம், திருவோணம் 0.8, ரோகிணி 0.9, சித்திரை 1, மகம் 1.4, துருவ நட்சத்திரம் 2. புதிதாக ஒரு நட்சத்திரம் கண்ணில் பட்டால் இவற்றில் எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தாலே அதன் தரம் பிடிபட்டுவிடும்.

13. இரண்டு நட்சத்திரத்தை ஒப்பிடும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருக்கும் நேரமாகப் பாருங்கள். அடிவானத்துக்குப் பக்கத்தில் வெளிச்சம் நிறையக் காற்றையும் தூசியையும் ஊடுருவி வர வேண்டியிருப்பதால் பிரகாசம் குறைந்து தெரியும். உச்சியில் நிற்பதையும் ஓரத்தில் நிற்பதையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

14. கிட்டப்பார்வைக் கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பிரகாசமான நட்சத்திரங்கள் புள்ளியாக இல்லாமல் சிறு வட்டமாகப் பரவித் தெரியும். எது அதிகப் பிரகாசம், எது சிவப்பு, எது நீலம் என்பது அப்போது சுலபமாகப் பிடிபடும். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் அதன் குவியத்தைச் சற்றுக் கலைத்தாலும் இதே பலன்.

15. மங்கலான ஒன்றை நேராக முறைத்தால் மறைந்து போகும், கொஞ்சம் பக்கவாட்டில் பார்வையை வைத்தால் தெரியும். கண்ணின் நடுப்பகுதி இருட்டுக்கு அவ்வளவு ஏற்றதில்லை, அதைச் சுற்றியுள்ள பகுதிதான் மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கும். கடைக்கண் பார்வைக்கு வேலை கொடுங்கள்.

16. உங்கள் மாடி எவ்வளவு இருட்டு என்று சோதிக்கக் கருவி வேண்டாம், கார்த்திகைக் கூட்டத்தை எண்ணுங்கள். ஆறு தெரிந்தால் நல்ல வானம். அதற்கு மேல் எண்ண முடிந்தால் உங்கள் ஊரை நான் பொறாமையோடு பார்க்கிறேன். வத்தல்மலை, சித்தேரி மேலே வீடு இருப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

17. கோடையில் அதே சோதனைக்கு அருந்ததி. சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடுவே நிற்கும் வசிட்டர் 2.2, அவரை ஒட்டி நிற்கும் அருந்ததி 4. கல்யாணத்தில் பகலில் கைகாட்டும்போது தலையாட்டிவிட்டு வந்த தம்பதிகள், வைகாசி மாதம் ராத்திரி எட்டு மணிக்கு வடக்கே திரும்பினால் உண்மையாகவே பார்க்கலாம்.

18. நட்சத்திரம் மின்னும், கோள் பெரும்பாலும் மின்னாது. நட்சத்திரம் வெகு தூரத்தில் வெறும் புள்ளியாக இருப்பதால் காற்றின் அசைவில் அதன் வெளிச்சம் தடுமாறுகிறது. கோள்கள் சிறு வட்டுகள் என்பதால் தாங்கிக்கொள்கின்றன. அடிவானத்தில் மட்டும் இந்த விதி கொஞ்சம் பிசகும், மேலே ஏறும் வரை பொறுத்துப் பாருங்கள்.

19. கண்ணுக்குப் பிரகாசமாகத் தெரிவதெல்லாம் உண்மையில் பெரியது என்று நினைத்துவிட வேண்டாம். சிரியஸ் நம்மிடமிருந்து 8.6 ஒளியாண்டு தூரத்தில் இருப்பதால் முதலிடம் பிடிக்கிறது. இரண்டாமிடத்தில் இருக்கும் அகத்தியர் முந்நூறு ஒளியாண்டு தூரத்திலிருந்து அவ்வளவு வெளிச்சம் அனுப்புகிறது என்றால், அதன் சொந்தப் பிரகாசத்தை யோசித்துப் பாருங்கள்.

20. இப்போது தேடிப் பிடிக்கும் வழிகள். அளவுகோல் உங்கள் கைதான். கையை முழுதாக நீட்டினால் சுண்டுவிரல் அகலம் ஒரு பாகை, நடு மூன்று விரல்கள் சேர்ந்து ஐந்து பாகை, மூடிய முட்டி பத்து பாகை. குழந்தைகளுக்குக் கை சிறியது, நீட்டும் தூரமும் சிறியது என்பதால் அவர்களுக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறையச் சரியாக வரும்.

21. சமையலறைச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் ஒரு நட்சத்திர வழிகாட்டி, நாம்தான் ராகுகாலம் பார்த்துவிட்டுத் தாளைக் கிழித்துவிடுகிறோம். அன்றைய நட்சத்திரம் ரோகிணி என்று போட்டிருந்தால், நிலா அன்று ரோகிணியின் பக்கத்தில் நிற்கிறது என்று பொருள். மாடிக்குப் போய் நிலாவைச் சுற்றி ஒன்றரை முட்டி தூரத்துக்குள் பாருங்கள், சிவப்பாக ஒன்று தெரியும், அதுதான் ரோகிணி. இதே வழியில் மகம், சித்திரை, கேட்டை மூன்றையும் பிடித்துவிடலாம். எந்த ஆப்பும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லித்தராது என்பது என் அபிப்பிராயம்.

22. காலண்டரில் நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் நேரத்தையும் கவனியுங்கள். "பகல் 2.10 வரை ரோகிணி, பிறகு மிருகசீரிடம்" என்றால் ராத்திரி நீங்கள் பார்க்கும்போது நிலா ரோகிணியைத் தாண்டிக் கிழக்கே நகர்ந்திருக்கும். நிலா ஒரு மணி நேரத்தில் தன் அகலம் அளவுக்கு, ஒரு நாளில் பதின்மூன்று பாகை அளவுக்கு நகரும்.

23. சுவாதியும் திருவோணமும் மட்டும் இந்த வழிக்கு ஒத்துவராது. இரண்டும் நிலா போகும் பாதையிலிருந்து மூன்று முட்டி அளவுக்கு வடக்கே தள்ளி நிற்பவை. அந்த நாட்களில் நிலாவிலிருந்து வடக்கே கையை நீட்டி அளந்து தேடுங்கள்.

24. பண்டிகை நாளைத் தெரிந்தவர்களுக்குப் பௌர்ணமி நிலா எங்கே இருக்கும் என்பது தெரிந்த மாதிரிதான். தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், சித்ரா பௌர்ணமி, வைகாசி விசாகம் எல்லாமே அந்தந்த நட்சத்திரத்தை ஒட்டி முழுநிலா வரும் நாட்கள். கார்த்திகை தீபத்தன்று அகல் ஏற்றி முடித்ததும் கிழக்கே நிலாவைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, அதன் பக்கத்தில் கார்த்திகைக் கூட்டத்தைத் தேடுங்கள்.

25. ஒவ்வொரு நட்சத்திரமும் தினமும் நாலு நிமிடம் முன்னதாக வரும், மாதத்துக்கு இரண்டு மணி நேரம். இன்று ராத்திரி ஒன்பதுக்கு வேப்பமரத்து உச்சியில் நிற்பது, அடுத்த மாதம் இதே தேதியில் ஏழு மணிக்கே அங்கே வந்துவிடும். தூக்கம் கெட விழித்திருக்க வேண்டாம், ஒன்றிரண்டு மாதம் பொறுத்தால் அதுவே சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடும்.

26. மார்கழியில் ஏழு மணி வாக்கில் கிழக்கே பாருங்கள், மூன்று நட்சத்திரங்கள் சமதூரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக எழுந்து வரும். வேட்டைக்காரன் என்று சொல்லும் ஓரியன் கூட்டத்தின் இடுப்பு அது. அந்த வரிசையின் மேல் நட்சத்திரம் வானத்தின் நடுக்கோட்டில் இருப்பதால் சரியாகக் கிழக்கே உதித்துச் சரியாக மேற்கே மறையும். வீடு கட்ட, கொட்டகை போட, திசை பார்க்க வேண்டியவர்கள் அது கிளம்பும் இடத்தை அடையாளம் வைத்துக்கொள்ளலாம்.

27. அந்த மூன்றையும் கோடாக நீட்டினால் ஒரு பக்கம் சிரியஸ், மறுபக்கம் ரோகிணி, அதையும் தாண்டினால் கார்த்திகைக் கூட்டம். இடுப்புக்கு வடக்கே செந்நிறமாக இருப்பது திருவாதிரை, தெற்கே நீலவெள்ளையாக இருப்பது ரைஜல். ஒரு கூட்டம் தெரிந்தால் ஐந்து விலாசம் தெரிந்த மாதிரி, புதிதாகப் பழகுபவர்கள் இங்கேயே தொடங்குங்கள்.

28. திருவாதிரையின் பிரகாசம் நிலையானதில்லை. 2019 கடைசியில் மங்கத் தொடங்கி, 2020 பிப்ரவரியில் 1.6 வரை இறங்கியது. அது கக்கிய பொருளே தூசியாகி முகத்தை மறைத்தது என்று பின்னர் கண்டறிந்தார்கள். வெறும் கண்ணாலேயே தெரிந்த மாற்றம் அது. அதனால் குளிர்கால ராத்திரிகளில் ரோகிணியோடு ஒப்பிட்டு ஒரு வரி குறித்துவைக்கும் பழக்கம் வீண்போகாது.

29. மாசி மாதம் எட்டரை மணிக்குத் தெற்கே திரும்புங்கள். உயரே சிரியஸ், அதிலிருந்து நேர் கீழே மூன்றரை முட்டி இறங்கினால் அகத்தியர். நம் ஊரில் அதிகபட்சம் இருபத்தைந்து பாகை உயரம்தான் ஏறும். சேர்வராயன் மலை தெற்கே எழுந்து நிற்கும் பொம்மிடிப் பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் திறந்த இடமாகப் பார்த்து உட்காருங்கள்.

30. துருவ நட்சத்திரம்தான் வானத்திலேயே பிரகாசமானது என்று பல பேர் நம்புகிறார்கள். அது வெறும் இரண்டாம் தரம். முதல் நாற்பதுக்குள்கூட வராது. அதன் பெருமை இடத்தில்தான் இருக்கிறது, மற்றவை எல்லாம் சுற்ற அது மட்டும் வடக்கே கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும்.

31. துருவம் எவ்வளவு உயரத்தில் தெரிகிறதோ அதுதான் உங்கள் ஊரின் அட்சரேகை. தருமபுரிக்கு 12 பாகை; வடக்கு அடிவானத்திலிருந்து ஒரு முட்டியும் இரண்டு சுண்டுவிரலும். காசிக்குப் போகும் பெரியவர்களிடம் அங்கேயும் அளந்து வரச் சொல்லுங்கள், இரண்டரை முட்டி வரும்.

32. துருவத்தைக் கண்டுபிடிக்க நமக்கு ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். மாசியிலிருந்து ஆனி வரை மாலை வானில் சப்தரிஷி மண்டலம்: வாலுக்கு எதிர்ப்புறம் உள்ள முன் இரண்டு நட்சத்திரங்களை இணைத்து ஐந்து மடங்கு நீட்டினால் துருவம். ஐப்பசி முதல் மார்கழி வரை 'எம்' எழுத்து வடிவில் தெரியும் காசியோப்பியா. நம் அட்சரேகையில் இரண்டும் அடிவானத்துக்குக் கீழே போய்விடுவதால், ஒன்றைக் காணோம் என்றால் மற்றதைத் தேடுங்கள்.

33. பிள்ளைகளின் பாகைமானி, தீர்ந்துபோன பேனாக் குழாய், நூல், ஒரு சைக்கிள் நட்டு. பாகைமானியின் நேர்விளிம்பில் குழாயை ஒட்டி, நடுப்புள்ளியில் நூலைக் கட்டி நட்டைத் தொங்கவிட்டால் உயரம் அளக்கும் கருவி தயார். குழாய் வழியாகத் துருவத்தைப் பார்க்கும்போது நூல் நிற்கும் எண்ணைத் தொண்ணூறிலிருந்து கழியுங்கள். 78-ல் நின்றால் உங்கள் விடை 12, பரிசு கொடுக்கலாம். இந்தக் கருவியால் சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்க விடாதீர்கள்.

34. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. மகம் நட்சத்திரம் வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 12 பாகையில் இருக்கிறது, நம் மாவட்டமும் அதே 12 பாகையில் இருக்கிறது. ஆகவே அது நம் தலைக்கு நேர் மேலே, அரைப் பாகை வித்தியாசத்துக்குள், கடந்துபோகும். சித்திரை முதல் தேதி வாக்கில் இரவு ஒன்பது மணிக்கு மாடியில் மல்லாந்து படுத்தால், தேடவே வேண்டாம், உச்சியில் நிற்பது மகம். மாசி மகத்தன்று நள்ளிரவை ஒட்டி முழுநிலாவும் அதன் அருகிலேயே வந்து நிற்கும்.

35. பகலிலும் இதே கணக்கைச் சரிபார்க்கலாம், சூரியனும் ஒரு நட்சத்திரம்தானே. ஏப்ரல் 22, ஆகஸ்ட் 20 வாக்கில் பகல் 12.15 முதல் 12.20-க்குள் நேராக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. மற்ற நாட்களில் அந்தக் குச்சியின் மிகக் குட்டையான நிழல் விழும் கோடுதான் சரியான வடக்குத் தெற்கு.

36. சித்திரை, வைகாசியில் சப்தரிஷியின் வால் வளைவை அப்படியே தொடர்ந்து நீட்டுங்கள். முதலில் வரும் பொன்னிற நட்சத்திரம் சுவாதி, அதே வளைவில் இன்னும் போனால் வெண்ணீலமாகச் சித்திரை. ஒரே வீச்சில் இரண்டு.

37. அதே மாதங்களில் ஒன்பது பத்து மணிக்குத் தெற்கே தாழ்வாகத் திரிசங்கு என்னும் தென்சிலுவை தெரியும். பக்கத்திலேயே அதைவிடப் பெரிதாக, மங்கலாக இன்னொரு சிலுவை உண்டு, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உண்மையான சிலுவைக்கு இடப்பக்கம் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் காவல் நிற்கும். அவற்றில் தள்ளி நிற்கும் ஆல்பா சென்டாரி, சூரியனை விட்டால் வெறும் கண்ணுக்குத் தெரியும் மிக நெருங்கிய நட்சத்திரம், 4.4 ஒளியாண்டுதான்.

38. ஆடியில் தெற்கே கொக்கி வாலோடு தேள் முழுசாக நிற்கும், அதன் நெஞ்சில் சிவப்பாக இருப்பது கேட்டை, வால் மூலம். ஆவணிக் கடைசி, புரட்டாசியில் மேகம் விலகினால் உச்சியை ஒட்டித் திருவோணம், அபிஜித், டெனப் மூன்றும் பெரிய முக்கோணமாகத் தெரியும்.

39. முதல் தர நட்சத்திரங்கள் என்று பட்டியலிடுபவை மொத்தம் இருபத்தொன்று. தருமபுரி மாடியில் இருந்தபடி வருடம் முழுக்கப் பார்த்தால் அத்தனையும் தெரியும். தென்சிலுவையின் அடி நட்சத்திரம் டெல்லிக்காரர்களுக்கு எட்டாது, நமக்கு எட்டும்.

40. தொலைநோக்கி வாங்கும் ஆசை வந்தால் முதலில் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் வாங்குங்கள். மலிவு விலைத் தொலைநோக்கியின் ஆடும் கால்களோடு போராடுவதைவிட இது எவ்வளவோ மேல். முழங்கையை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நாலு நிலாக்களும் தெரியும்.

41. செல்போனில் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டெல்லேரியம் இருக்கிறது. கணினிக்கு முற்றிலும் இலவசம். அதில் உள்ள சிவப்பு இரவுத் திரையைப் போட்டுக்கொள்ள மறக்காதீர்கள்.

42. அரூர்ப் பக்கத்துக்காரர்கள் ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாக ஆலங்காயம் போய் ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். நம் அட்சரேகையில் வடவானமும் தென்வானமும் சேர்ந்து தெரியும் என்பது அந்த இடத்துக்கும் பெரிய பலம். 1977-ல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்ததில் அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கி வந்தது, 1988-ல் அங்கே கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் பேர் வைத்தார்கள். பொதுமக்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை ஒரு தரம் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

43. போன வருட நோட்டுகளில் மீந்த பக்கங்களைக் கிழித்துத் தைத்து ஒரு வானக் குறிப்பேடு வையுங்கள். தேதி, நேரம், திசை, எத்தனை முட்டி உயரம், எதைவிடப் பிரகாசம் என்று ஒரு வரி போதும். வீட்டில் ராத்திரி ஏற்றம் இறைத்த, சந்தைக்கு வண்டி கட்டின பெரியவர்கள் இருந்தால், அவர்கள் நேரம் பார்த்த நட்சத்திரம் எது என்று கேட்டு அதையும் எழுதிவிடுங்கள்.

44. கடைசியாக ஒரு வேண்டுகோள். வாசல் விளக்குக்கு மேலே ஒரு தகரத் தட்டை வளைத்துத் தொப்பி போடுங்கள். வெளிச்சம் முழுக்கத் தரையில் விழுவதால் சின்ன பல்பே போதும், கரண்ட் பில்லும் குறையும். கிராம சபைக் கூட்டம் நடக்கும்போது, தெருவிளக்குகளுக்கும் இதே மாதிரி மறைப்பு கேட்டு ஒரு மனு கொடுங்கள்.